நெட்வொர்க் லேபை மூடாதீர்கள்: மலை மேல் பயிற்சி மையம் நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பயிற்சி மையத்தின் நிர்வாகக் குழுவினருக்கும், அதற்கு நிதி ஒதுக்கும் அதிகாரிகளுக்கும்,

அடுத்த பேட்ச் முதல் நெட்வொர்க் லேப் கிடையாது, அந்த அறை டேட்டா என்ட்ரி வகுப்புக்குப் போகிறது, கணினிகளையும் நெட்வொர்க்குகளையும் இணைக்கும் ரவுட்டர், சுவிட்ச், அவற்றை அடுக்கும் ரேக் எல்லாம் பழைய சாமான் கணக்கில் ஏலத்துக்கு வருகின்றன என்று அறிவித்திருக்கிறீர்கள். நெட்வொர்க் இன்ஜினியர் பயிற்சி மட்டும் அதே பெயரில் தொடருமாம், 30 மணி நேர வீடியோவாகவும் 'தேர்வு நோக்கிலான வினாத்தொகுப்பாகவும்'. இந்த முடிவைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை. நீங்கள் இதைத் திரும்பப் பெற வேண்டும் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

மையத்தின் பெயரை இங்கே போடவில்லை. முடிவு மாற வேண்டும், அவ்வளவுதான். பெயரைக் கெடுப்பதால் எனக்கோ அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கோ எதுவும் கிடைக்கப்போவதில்லை.

நான் அந்த லேபில் படித்தவள். இப்போது நீலகிரியிலேயே வீடுகளுக்கும் கடைகளுக்கும் எஸ்டேட் ஆபீஸ்களுக்கும் இன்டர்நெட் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் நெட்வொர்க் இன்ஜினியராக வேலை பார்க்கிறேன். ஆகவே இதில் பாதி மாணவியாக இருந்தபோது பார்த்தது, மீதி வேலையில் பார்த்தது.

உங்கள் மையத்தின் ஆபீஸுக்கு வந்து காரணம் கேட்டபோது, சாமான்கள் பழசு என்றார்கள். எல்லாம் கிளவுடுக்கு, அதாவது இன்டர்நெட் வழியாக வாடகைக்கு எடுக்கும் கணினிகளுக்குப் போய்விட்டது என்றார்கள். கடைசியாக, "எப்படியும் இந்தப் பிள்ளைகள் கீழேதான் வேலைக்குப் போகப்போகிறார்கள், அங்கே போய்க் கற்றுக்கொள்ளட்டுமே" என்றார்கள். முதல் இரண்டுக்கும் பதில் இருக்கிறது, பிறகு சொல்கிறேன். என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்தக் கடைசிப் பேச்சுதான்.

ஏன் எல்லோரும் கீழே போக வேண்டும்? இந்த மலைக்கு நெட்வொர்க் வேண்டாமா?

2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் வர இ-பாஸ் வேண்டும். சோதனைச் சாவடியில் நிற்பவர் அதைச் சரிபார்க்க அவர் கையில் நெட் இருக்க வேண்டும். குன்னூர் தேயிலை ஏலம் கணினி வழியாக நடக்கிறது. ரேஷன் கடையில் கைரேகை வைக்கிறோம். சந்தையில் காரட் விற்கும் பாட்டிகூட க்யூஆர் அட்டையைத் தொங்கவிட்டிருக்கிறார். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் ஃபைபரால் இணைப்பதுதான் பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகத்துக்குக் கொடுக்கப்பட்ட வேலை. நீலகிரியின் 35 ஊராட்சிகளும் அந்தக் கணக்கில் உண்டு. சரி, ஃபைபர் வந்துவிடும். அது அறுந்தால் யார் பார்ப்பது?

சமவெளியில் இந்தக் கேள்வி பெரிதில்லை. ஒரு ஊரில் ஆள் இல்லையென்றால் பக்கத்து ஊரிலிருந்து பைக்கில் வந்துவிடுவார். இங்கே அப்படி இல்லை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. 2009 நவம்பர் மண்சரிவுகளை நீங்கள் அனைவரும் பார்த்தவர்கள். நெட்வொர்க் அதிகம் தேவைப்படும் நாளும், மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே வரும் பாதை அடைபடும் நாளும் எங்களுக்கு ஒன்றுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு வந்த ஒரு ஐப்பசி மழையில் இதை நேரில் பார்த்தேன். இரவில் ஒரு சில்வர் ஓக் மரம் சாய்ந்து எங்கள் மெயின் கேபிளை இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஒரு பள்ளத்தாக்கு முழுவதும் நெட் போய்விட்டது. ஆஸ்பத்திரி ஒன்று, இரண்டு வங்கிக் கிளைகள், செல்போன் டவர் ஒன்று, எல்லாம் அந்த ஒரே கேபிளில். கோவையிலிருந்து வர வேண்டிய ஒப்பந்தக் குழு கிளம்பியது, ஆனால் மண் சரிந்து வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். மாற்றுப் பாதையிலும் மரம். குழு கீழேயே நின்றுவிட்டது. "பாதை திறந்ததும் வர்றோம் மேடம்" என்று போனில் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அன்றைக்கு வேலையை முடித்தது மேலே இருந்தவர்கள். உங்கள் மையத்தில் எனக்கு அடுத்த பேட்சில் படித்த ஒரு தம்பியும், லைன்மேன் ஒருவரும், நானும். எங்கள் ஆபீஸில், அறுந்த ஃபைபரை ஒட்டும் ஒரு பழைய ஸ்பிளைசிங் மெஷின் இருந்தது. முதலில் உடைப்பு எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். ஓடிடிஆர் என்று ஒரு கருவி இருக்கிறது. அது ஃபைபருக்குள் ஒளியை அனுப்பி, திரும்பி வரும் ஒளியை வைத்து உடைப்பு எத்தனை தூரத்தில் என்று சொல்லும். 4.2 கிலோமீட்டர் என்று காட்டியது. ஆனால் அது ஃபைபரின் நீளம். சாலையின் நீளத்தோடு பொருந்தாது. வழியில் ஒவ்வொரு ஜாயின்ட் அருகிலும் பிற்காலத் தேவைக்கென்று பல மீட்டர் கேபிளைச் சுருட்டிக் கட்டியிருப்பார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் சாலை சுற்றிச் சுற்றிப் போகும், கேபிளோ மேல் போஸ்டிலிருந்து கீழ்ப் போஸ்டுக்குத் தேயிலைக்கு மேலாக நேரே இறங்கிவிடும். எந்தப் போஸ்டில் எவ்வளவு சுருள், எந்த வளைவில் கேபிள் குறுக்கே இறங்குகிறது என்று தெரிந்தவர்தான் 4.2 என்பதை ஒரு இடமாக மாற்ற முடியும். அந்தத் தம்பி கருவியைப் பார்த்தான், கண்ணை மூடிக் கணக்குப் போட்டான், "அக்கா, டேம் ரோடு திருப்பத்துக்கு முன்னாடி இருக்கணும்" என்றான். அங்கேதான் இருந்தது.

நாங்கள் கண்டது சாய்ந்த மரத்தின் இடம் மட்டுமல்ல. மரம் இழுத்த இழுப்பில் இன்னொரு ஜாயின்ட் பெட்டிக்குள்ளும் ஃபைபர் மடங்கியிருந்தது. முதல் உடைப்பைச் சரிசெய்த பிறகும் ஒளி அளவு போதவில்லை. அவசரப்படும் ஆள் என்றால் ரவுட்டரை மாற்றுவார், கான்ஃபிகரேஷனைக் கிளறுவார். தம்பி மறுபடி ஓடிடிஆரை வைத்தான். 1310 நானோமீட்டர் அலைநீள ஒளியில் சிறிதாகத் தெரிந்த இழப்பு 1550-இல் பெரிதாகத் தெரிந்தது. அப்படியென்றால் அறுப்பு இல்லை, மடிப்பு. பெட்டியைத் திறந்து சுருளை நேராக்கினான், ஒளி வந்துவிட்டது. லைன்மேன் அண்ணன் குடை பிடிக்க, 125 மைக்ரான் கண்ணாடி இழையை அந்த மழையில் துடைத்து வெட்டி ஒட்டியதை நான் மறக்கமாட்டேன்.

ஸ்பிளைசிங் அவன் வேலையில் கற்றுக்கொண்டது. தவறை எப்படித் தேடுவது என்கிற ஒழுங்கு உங்கள் லேபிலிருந்து வந்தது. எனக்கும் அங்கேதான் வந்தது.

எங்களுக்கு லேப் எடுத்த சார் தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமை காலையில் நாங்கள் வருவதற்கு முன்பே வந்துவிடுவார். வந்து ரேக்கில் எதையாவது கெடுத்துவைப்பார். ஒரு நாள் ஒரு பிளக்கை அரை மில்லிமீட்டர் வெளியே இழுத்திருப்பார், கிளிக் சத்தம் கேட்காத அளவுக்கு. இன்னொரு நாள் இரண்டு ரவுட்டரில், நெட்வொர்க்கின் எல்லையைக் குறிக்கும் சப்நெட் மாஸ்க்கை வேறு வேறாகப் போட்டிருப்பார். இன்னொரு நாள் சுவிட்சின் இரண்டு போர்ட்டை ஒரே கேபிளால் இணைத்து, இப்படிச் சுற்று உண்டாகாமல் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீயையும் நிறுத்திவைத்திருப்பார். எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் படபடவென்று மின்னும், மொத்த லேபும் ஸ்தம்பித்துவிடும். "என்ன செஞ்சேன்னு கண்டுபிடிங்க" என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார். நாங்கள் தலையைப் பிய்த்துக்கொள்வோம். திரும்பி வந்து ஒரே கேள்விதான் கேட்பார்: "முதல்ல லைட் எரியுதான்னு பாத்தியா?"

கீழ் அடுக்கிலிருந்து மேல் அடுக்குக்குப் போ, கேபிளைப் பார், பிறகு போர்ட், பிறகு விலேன் (ஒரே சுவிட்சைத் தனித்தனி நெட்வொர்க்காகப் பிரிப்பது), பிறகு ஐபி முகவரி, பிறகு ரவுட்டிங் (தரவு போகும் வழி). இதை வீடியோவில் சொல்லிக் கொடுக்கலாம். பழக்கமாக ஆக வேண்டுமென்றால் கை வைத்துத் தப்பாகி, மறுபடி கை வைக்க வேண்டும்.

கணினித் திரையிலேயே நெட்வொர்க்கைக் கட்டிப் பழகும் பாக்கெட் ட்ரேசர் இருக்கிறதே, அது இலவசம்தானே என்று கேட்பீர்கள். நல்ல மென்பொருள், நானும் அதில் படித்தவள், இன்றைக்கும் புதுசாக ஒன்றை முயற்சி செய்ய அதையோ, அதே மாதிரியான ஜிஎன்எஸ்3-ஐயோதான் திறக்கிறேன். ரவுட்டிங் புரிய அது போதும். ஆனால் இந்த மலையில் எங்களுக்கு வரும் புகார்களில் பெரும்பகுதி அதற்குள் வராது. ஒரு உதாரணம் சொல்கிறேன். காட்டேஜ் ஒன்றிலிருந்து, "நெட் வருது, ஆனா ரொம்ப ஸ்லோ" என்று புகார். போய்ப் பார்த்தால் கான்ஃபிகரேஷன் சுத்தமாக இருக்கிறது. போர்ட் மட்டும் 1 ஜிகாபிட்டுக்குப் பதிலாக 100 மெகாபிட்டில் நிற்கிறது. கேபிளுக்குள் எட்டுக் கம்பி, நான்கு ஜோடி. 100 மெகாபிட்டுக்கு ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் போதும். ஜிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். பழுப்பு ஜோடியில் ஒரு கம்பி ஈரத்தில் பச்சை பிடித்து அரித்துப் போயிருந்தது. அதனால் இணைப்பு செத்துப்போகாமல் மெதுவாகிவிட்டது. மூடுபனி வீட்டுக்குள் புகுந்து உட்காரும் ஊரில் இது அடிக்கடி நடக்கும். கேபிள் முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் டூலைக் கையில் பிடித்து, பிளக்கைக் கண் முன் தூக்கிப் பார்த்து, எட்டுக் கம்பியும் முனைவரை போயிருக்கிறதா என்று பழகியவர் இதை ஐந்து நிமிடத்தில் பிடிப்பார். கணினித் திரையில் மட்டும் படித்தவர், அந்தக் காட்டேஜ்காரரிடம் பிளானை மாற்றச் சொல்லிவிட்டு வருவார்.

மின்னலும் அப்படித்தான். மேட்டில் இருக்கும் டவரிலிருந்து செம்புக் கேபிள் இறங்கினால், இடி இடித்த மறுநாள் எந்தப் போர்ட் போயிருக்கும் என்று கேட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். எர்த்திங் ஏன், மின்னல் அதிர்ச்சியைத் தடுக்கும் சர்ஜ் அரெஸ்டர் எங்கே, எந்த இடத்தில் செம்பை விட்டு ஃபைபருக்கு மாற வேண்டும் என்பதெல்லாம் இந்த ஊர் இன்ஜினியருக்கு அன்றாடப் பாடம். மலைக்கு மலை ஒயர்லெஸ் லிங்க் போடும்போது, புதிதாக வருபவர்கள் மூடுபனியைக் குற்றம் சொல்வார்கள். 5 ஜிகாஹெர்ட்ஸில் மூடுபனி பெரிதாக ஒன்றும் செய்யாது. நடுவில் வளர்ந்துவிட்ட மரத்தின் நனைந்த இலைதான் சிக்னலைக் குடிக்கிறது. இதெல்லாம் கோவையிலோ சென்னையிலோ எடுத்த வீடியோவில் இருக்காது. சொல்லித் தர மேலே ஆள் இருக்கிறார்கள், அவர்கள் வந்து நின்று சொல்ல ஒரு அறை வேண்டும்.

இப்போது, சாமான்கள் பழசு என்ற காரணத்துக்கு வருகிறேன். பழசுதான். லேபில் இருக்கும் 1841 ரவுட்டரும் 2960 சுவிட்சும் இன்று அவற்றைத் தயாரித்த சிஸ்கோ நிறுவனம் ஆதரவு தரும் பட்டியலில் இல்லை. ஒரு வங்கியில் அவற்றை வைத்தால் தப்பு. பயிற்சிக்கு வைத்தால் என்ன தப்பு? எந்தத் தரவு எந்த விலேனுடையது என்று குறியிடும் 802.1க்யூ தரம் 1998-இல் வந்தது. ரவுட்டர்கள் தங்களுக்குள் வழி சொல்லிக்கொள்ளும் ஓஎஸ்பிஎஃப் முறையின் இரண்டாம் பதிப்பை விவரிக்கும் தர ஆவணமான ஆர்எஃப்சி 2328-உம் 1998 தான். ஐபி பதிப்பு 4-இன் ஆர்எஃப்சி 791, 1981-ஆம் ஆண்டினது. இன்றைக்கு வரும் புத்தம் புது ரவுட்டரும் இவற்றைத்தான் பேசுகிறது. அந்தப் பழைய 1841-இல் பாஸ்வேர்டை மறந்துவிட்டு, ரவுட்டரோடு நேரடியாகப் பேசும் கன்சோல் கேபிளைச் செருகி, அது தொடங்கும் விதத்தைத் தீர்மானிக்கும் ரிஜிஸ்டரை 0எக்ஸ்2142 என்று மாற்றி மீட்டெடுத்த பிள்ளைக்கு, வேலையில் முதல் முறை ஒரு ரவுட்டர் பூட்டிக்கொள்ளும்போது கை நடுங்காது. புதுசு வேண்டுமென்றால் முழு ரேக்கையும் மாற்றத் தேவையில்லை. இந்த மலையில் கேபிள் ஆபரேட்டர்களும் சின்ன நிறுவனங்களும் மைக்ரோடிக் ரவுட்டர் வைத்துத்தான் ஓட்டுகிறார்கள், அதில் சிறிய மாடல்கள் சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கின்றன. இரண்டு வாங்கி அந்த ரேக்கில் வைத்தால் பாடம் இன்றைய நாளுக்கு வந்துவிடும்.

எல்லாம் கிளவுட் என்பதற்கும் சொல்கிறேன். கிளவுடில் சர்வர் எடுக்கும் பிள்ளை முதலில் செய்ய வேண்டியது என்ன? ஒரு தனி நெட்வொர்க் உருவாக்கி, சப்நெட் பிரித்து, ரவுட் டேபிள் எழுதி, எந்தப் போர்ட்டைத் திறப்பது என்று முடிவு செய்ய வேண்டும். ஆபீஸிலிருந்து அங்கே தனி லைன் போட்டால் பிஜிபி வேண்டும், அதாவது பெரிய நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று வழி அறிவிக்கும் முறை. நெட்வொர்க் தெரியாமல் கிளவுடுக்குப் போகிறவர்கள் முதல் வாரமே இந்த இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கும் வாட்ஸப்பும் இன்ஸ்டாகிராமும் உலகம் முழுக்க சுமார் ஆறு மணி நேரம் போனது நினைவிருக்கும். பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை அவர்களுடைய முதுகெலும்பு நெட்வொர்க்கையே துண்டித்துவிட்டது. அதைத் தொடர்ந்து, இணையதளப் பெயரை முகவரியாக மாற்றித் தரும் அவர்களுடைய டிஎன்எஸ் சர்வர்களுக்கான பிஜிபி வழிகளும் விலகிவிட்டன. தொலைவிலிருந்து சரிசெய்யும் வழியும் அதோடு போய்விட்டதால், இன்ஜினியர்களை நேரில் டேட்டா சென்டருக்கு அனுப்பித்தான் மீட்டார்கள். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கும் கடைசியில் மெஷின் முன்னால் போய் நிற்கத் தெரிந்த ஆள் தேவைப்பட்டது.

அடுத்து அந்த வினாத்தொகுப்பு. இதுதான் எனக்கு அதிகக் கோபம் தருகிறது, மரியாதை குறையாமல் சொல்லப் பார்க்கிறேன்.

நெட்வொர்க் வேலைக்கான சிஸ்கோவின் சிசிஎன்ஏ சர்ட்டிபிகேட் தேர்வு 2020 பிப்ரவரியிலிருந்து 200-301 என்ற ஒரே தாளாக இருக்கிறது. 120 நிமிடம். கட்டணம் 300 டாலர், நம் பணத்தில் 25,000 ரூபாயைத் தாண்டுகிறது. தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் என் அம்மாவுக்கு அது இரண்டு மாதக் கூலிக்கும் மேல். அந்தப் பணத்தைக் கட்டும் பிள்ளையின் கையில், வினாத்தொகுப்பு என்ற பெயரில், எங்கிருந்தோ திருடப்பட்ட தேர்வுக் கேள்விகளைத் திணிக்கப்போகிறீர்கள். தேர்வுக் கேள்விகளை வெளியே சொல்லக்கூடாது என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே உட்காருகிறார்கள். மீறினால் சர்ட்டிபிகேட் ரத்தாகும், மறுபடி எழுதவும் தடை வரலாம். பணமும் போகும், பெயரும் போகும். அந்த நேரத்தில் உங்கள் மையம் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் நிற்குமா?

தேர்வில் பாஸ் ஆனாலும் என்ன ஆகிறது என்று நான் பார்த்திருக்கிறேன். எங்கள் நிறுவனத்தில் ஆள் எடுக்கும்போது கேள்வி கேட்பவர்களில் நானும் ஒருத்தி. இப்படி மனப்பாடம் செய்து வந்த ஒரு பையனிடம் ஓஎஸ்பிஎஃப் அட்மினிஸ்ட்ரேட்டிவ் டிஸ்டன்ஸ், அதாவது அது சொல்லும் வழியை ரவுட்டர் எவ்வளவு நம்பும் என்பதற்கான எண், எவ்வளவு என்று கேட்டேன். "110" என்று உடனே சொன்னான். சரி, ஒரு கடையில் கம்ப்யூட்டருக்கு 169.254 என்று தொடங்கும் ஐபி வந்திருக்கிறது, என்ன பிரச்சினை என்று கேட்டேன். விழித்தான். ஐபி முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி சர்வரிடமிருந்து பதில் வராதபோது மெஷின் தானே போட்டுக்கொள்ளும் முகவரி அது. முதல் நாள் வேலையிலேயே கேட்கப்போகும் புகார். அந்தப் பையன் மட்டமானவன் இல்லை. கெட்டிக்காரன், கஷ்டப்பட்டுப் படித்தவன். அவனுக்குச் சொல்லித் தந்தவர்கள் அவனைக் கைவிட்டிருந்தார்கள். நாங்கள் அவனை எடுக்கவில்லை. அவன் கும்பிட்டுவிட்டு எழுந்து போனது இன்னும் என் மனதில் இருக்கிறது. நம் மையத்திலிருந்து வரும் பிள்ளைகள் அப்படி எழுந்து போகக்கூடாது.

இந்த வேலை என்னவென்று பெற்றோர்களுக்குச் சொல்லவும் யாருமில்லை, அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். முதல் வேலை பெரும்பாலும் நெட்வொர்க் கண்காணிப்பு அறையில்தான் கிடைக்கும். ஷிப்ட், இரவு வேலை, டிக்கெட் எனப்படும் புகார்ப் பதிவைத் திறந்து மூடுவது. அங்கே ஒன்றிரண்டு வருடம் ஒழுங்காக இருந்து, ஏன் விழுந்தது என்று ஒவ்வொரு டிக்கெட்டிலும் தோண்டிப் பார்ப்பவர் அடுத்த நிலைக்குப் போகிறார். அப்புறம் டிசைன், செக்யூரிட்டி, ஆட்டோமேஷன் என்று வழி பிரிகிறது. பைதான் என்ற நிரல்மொழி இப்போது கட்டாயம் மாதிரிதான், சிசிஎன்ஏ பாடத்திட்டத்திலேயே ஆட்டோமேஷனுக்கு 10 சதவீதம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதை உங்கள் பயிற்சியில் சேர்த்திருந்தால் நானே வந்து வாழ்த்தியிருப்பேன். ஆனால் ரவுட்டிங்குக்கும் ஸ்விட்சிங்குக்கும் உரிய பெரும்பகுதியை வீடியோவுக்குத் தள்ளிவிட்டு எதைச் சேர்த்தாலும் நிற்காது.

பெண் பிள்ளைகளைப் பற்றி யோசித்தீர்களா என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் பிளஸ் டூ முடித்ததும், "கோயம்புத்தூர்ல ஹாஸ்டல் எல்லாம் வேண்டாம்மா, போய்ட்டு பொழுதுக்குள்ள வர்ற மாதிரி எதாச்சும் பாரு" என்றார் அப்பா. பணமும் இல்லை, தனியாக அனுப்ப மனசும் இல்லை. காலை பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் லைன் வீட்டுக்குத் திரும்பும் தூரத்தில் உங்கள் மையம் இருந்ததால்தான் நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். என் பேட்சில் இருந்த பெண்களில் பலருக்கும் இதே கதை. ஒருத்தி இப்போது பெங்களூரில் இருக்கிறாள். லேபில் கை பழகி, இங்கே ஒரு வேலை பார்த்து, கையில் சம்பளம் வந்த பிறகுதான் அவள் வீட்டில் அனுப்பினார்கள். லேபை மூடிவிட்டு "கீழே போய்க் கற்றுக்கொள்ளட்டும்" என்றால், பையன்கள் சிலர் எப்படியாவது போய்விடுவார்கள். பெண் பிள்ளைகளுக்கு அந்தக் கதவு அங்கேயே சாத்திக்கொள்ளும். வீடியோ பார்க்கலாமே என்பீர்கள். எஸ்டேட் லைனில் சிக்னல் எப்படி என்று ஒரு நாள் வந்து பாருங்கள். கொரோனா காலத்தில் மேட்டில் ஏறி நின்று ஆன்லைன் வகுப்புக் கேட்ட பிள்ளைகளின் தங்கைகள்தான் உங்கள் அடுத்த பேட்ச்.

ஆகவே கேட்கிறேன்.

ஏலத்தை உடனே நிறுத்துங்கள். எந்தெந்தச் சாமான் வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று தெரிந்தவர்களை வைத்துச் சோதித்து ஒரு பட்டியல் போடுங்கள். செத்ததை மட்டும் மின்கழிவாக அனுப்புங்கள். அந்தச் சோதனையைச் செய்து தர நானும் என்னோடு படித்த சிலரும் காசு வாங்காமல் வருகிறோம்.

அறையை விட்டுவிடாதீர்கள். டேட்டா என்ட்ரி வகுப்புக்கும் இடம் வேண்டும் என்பது புரிகிறது, அதிலும் நம் பிள்ளைகள்தான் படிக்கிறார்கள். காலையில் அவர்கள், மதியம் லேப் என்று நேரம் பிரிக்கலாம். சனிக்கிழமை முழுக்க லேபுக்கு வேண்டும். ரேக் இருக்கும் சுவர் ஓரம் மட்டும் யாரும் தொடாத இடமாக இருந்தால் போதும்.

பயிற்சி நேரத்தில் குறைந்தது பாதி, சாமான் மீது கை வைத்துச் செய்வதாக இருக்க வேண்டும். வீடியோ மீதி நேரத்துக்கு இருக்கட்டும். கிரிம்பிங், கேபிள் சோதனை, கன்சோல், விலேன், ரவுட்டிங், பிறகு ஃபைபர். ஸ்பிளைசரும் ஓடிடிஆரும் விலை அதிகம் என்பது எனக்குத் தெரியும், வாங்கச் சொல்லவில்லை. இங்கே தொழில் செய்யும் நிறுவனங்களிடம் மாதம் ஒரு நாள் இரவல் கேளுங்கள். எங்கள் நிறுவனத்தில் நான் பேசிவிட்டேன், ஆளோடு அனுப்பச் சம்மதம்.

வினாத்தொகுப்புத் திட்டத்தைக் கைவிடுவதாக எழுத்தில் அறிவியுங்கள். ஏற்கனவே யாரிடமாவது அதற்குப் பணம் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

நிதி ஒதுக்கும் அதிகாரிகளிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். ஆய்வுக்கு வரும்போது எத்தனை சர்ட்டிபிகேட் என்று மட்டும் எண்ணாதீர்கள். லேப் பதிவேட்டைக் கேளுங்கள். ஒரு மாணவியை அழைத்து ஒரு கேபிளைக் கிரிம்ப் செய்யச் சொல்லுங்கள், இரண்டு சுவிட்சை இணைக்கச் சொல்லுங்கள். படித்தவர்களில் எத்தனை பேர் ஆறு மாதத்துக்குப் பிறகும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். எண்ணிக்கைக்குத்தான் பணம் என்று நீங்கள் வைத்திருப்பதால்தான் மையங்கள் வீடியோவுக்கும் வினாத்தொகுப்புக்கும் ஓடுகின்றன. அந்த விதியை மாற்றுவது உங்கள் கையில் இருக்கிறது.

கடைசியாக, ஏலத் தேதிக்கு முன்பே ஒரு கூட்டம் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் தோட்டத்து வேலைக்குப் போகும் பெற்றோர்களும் வர முடியும். இப்போது படிக்கும் மாணவர்கள், முன்னாள் மாணவர்கள், இங்கே ஆள் எடுக்கும் நிறுவனங்கள் எல்லோரையும் கூப்பிடுங்கள். கூட்டம் வைப்பீர்களா, மாட்டீர்களா என்று இந்த மாத இறுதிக்குள் எழுத்தில் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் முன்னாள் மாணவி,
நீலகிரி.